ஒன்பது மடங்கு போதும்

கண்ணாடி மேசைமேல் கடைக்காரன் டெல்மர் வைத்த, துப்பாக்கித் தொலைநோக்கியான ஸ்கோப் வெர்லாவின் முன்னங்கை நீளம் இருந்தது. அவள் அதைத் தொடவில்லை. அவன் கையில், சின்ன ஓநாய் போன்ற கயோட்டியின் மூத்திர வாடை அடித்தது. கயோட்டியை இழுக்க வேட்டைக்காரர்கள் புதரில் தெளிக்க வாங்கும் புட்டி ஒன்று காலையில் உடைந்துவிட்டதாம், சொல்லிச் சிரித்தான். அவள் ஓரடி தள்ளி நின்றாள். ஆனால் அமெரிக்காவின் வயோமிங் மாநிலத்தில் அந்த மூலையில் துப்பாக்கிச் சாமான் விற்க வேறு கடை கிடையாது. ஆடுகள் குட்டி போடும் பருவம். இன்றைக்கும் விடிந்ததும் அவர்கள் பட்டியோரம் ஒரு குட்டி, கயோட்டியால் பின்பக்கம் தின்னப்பட்டு, உயிர் போகாமல் கிடந்தது.

"இருபத்துநாலு மடங்கு பெருசா காட்டும்க்கா. மலைச்சரிவுல கயோட்டி கொட்டாவி விட்டா பல்லை எண்ணலாம்."

"நான் என்ன அதுக்குப் பல்லு வைத்தியமா பாக்கப்போறேன்?"

அவள் கணவன் ஆர்வின் ஸ்கோப்பை இரண்டு கையாலும் வாங்கிக் கொண்டான். அவன் கண்ணில் புரை விழுந்த பிறகு சுடுவது அவள்தான். ஆசைப்படுவது மட்டும் இன்னும் அவன்.

டெல்மர் தலைக்குமேல் சுவரில் குளிர்கால வேட்டைப் போட்டியின் படம் தொங்கியது. வண்டியின் பின்பலகையில் அடுக்கிய கயோட்டிகள். ஒன்றின் வாயில் எவனோ சிகரெட் செருகியிருந்தான். அதிக எடைக்கு ஒரு பரிசு, ஆகச் சின்னதற்கு ஒரு பரிசு. நடத்தியவன் டெல்மர். நடந்த இடம் வெர்லா, ஆர்வினின் பண்ணை. 'கயோட்டியைச் சுத்தமா துடைச்சுக் குடுத்துடுறோம்' என்றார்கள் வந்தவர்கள்; ஆர்வின் தலையாட்டினான், வெர்லா அவர்களுக்குக் காப்பி போட்டாள். பனி உருகியபோதுதான் ஓடைப்பள்ளத்தில் எல்லாம் வெளியே வந்தன, தோல்கூட உரிக்காமல், ஒன்றோடொன்று ஒட்டிப்போய். அவற்றில் காது கிழிந்த பெட்டையும் அதன் ஆணும் இருந்தன. அந்த ஜோடி வருஷக்கணக்காக மேய்ச்சல் ஓரத்தில் எலி பிடித்துத் தின்று வாழ்ந்தது. ஓர் ஆட்டுக்குட்டியைத் தொட்டதில்லை, வேறு கயோட்டியை எல்லைக்குள் விட்டதுமில்லை. வீட்டுக் காவலைக் கொன்று கதவைத் திறந்து வைத்த கதையாயிற்று. இப்போது வருகிறவை ஊர்பேர் தெரியாதவை. அவற்றுக்கு ஆட்டுக்கறி பழகிவிட்டது.

"அண்ணே, இதுக்குக் காசே வேணாம்," என்றான் டெல்மர். "சனிக்கிழமை பசங்களோட வரோம். இன்னொரு ரவுண்டு. கேட்டைத் திறந்து விடுங்க, போதும்."

ஆர்வின் மனைவியைப் பார்க்காமல், "சும்மாவே தரான் வெர்லா," என்றான்.

அவள் ஸ்கோப்பை வாங்கிக் கடைவாசல் பக்கம் திருப்பிப் பார்த்தாள். எதிரே தபால் நிலையச் சுவரில் ஒரு செங்கல் மட்டும் தெரிந்தது. அது எந்தச் சுவர் என்பதே தெரியவில்லை.

"பட்டிக்குப் பக்கத்துல வரும்போது இதுல மயிருதான் தெரியும். நாயா கயோட்டியான்னு யாரு சொல்றது? மூணுலேருந்து ஒன்பது மடங்கு இருக்கே, அதை எடு."

"அதெல்லாம் சின்னப் பசங்க மானுக்கு வாங்குறது."

"எடுன்னேன்."

எடுத்தான். தோட்டாப் பெட்டியையும் அவனே தள்ளி வைத்தான். அந்தக் குண்டு உடம்புக்குள் போனதும் பொடியாகிவிடுமாம்; தோலில் ஒரே ஒரு பொத்தல், படத்துக்கு அழகாக இருக்குமாம். அவள் கேட்க வந்ததும் அதே பெட்டிதான். பொடியாகிற குண்டு கல்லில் பட்டு ஆடுகள் பக்கம் தெறிக்காது. தன் கையிலும் அவன் கையிலும் ஒரே பெட்டி இருப்பது, எச்சில் தட்டில் சாப்பிட்டது போல அவளுக்கு அருவருப்பாக இருந்தது. வாங்கிக்கொண்டாள்.

"அப்போ சனிக்கிழமை?"

"வராதே."

"அண்ணன் ஒண்ணும் சொல்லலையே," என்று டெல்மர் கண்ணடித்தான். ஆர்வின் தொப்பியைச் சரிசெய்தான்.

வண்டியை வெர்லாதான் ஓட்டினாள். ஆர்வின் தோட்டாப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு வழி நெடுக வெளியே பார்த்தான்.

"அவன் நம்மாளுதான் வெர்லா. முகத்துல அடிச்ச மாதிரி சொல்லிட்ட."

"அந்தப் பள்ளத்துலேருந்து ஒவ்வொண்ணா இழுத்துப் போட்டது நான். உன் நம்மாளு வரலை."

பண்ணை கேட் வந்தது. பக்கத்து இருக்கையில் இருப்பவர் இறங்கித் திறந்து, வண்டி உள்ளே போனதும் சாத்த வேண்டும். அது அங்கே எல்லாரும் அறிந்த முறை. ஆர்வின் இறங்கித் திறந்தான். அவள் உள்ளே போய் நிறுத்தினாள்.

வண்டியின் பக்கக் கண்ணாடியில் அவன் முதுகு தெரிந்தது. கேட்டைச் சாத்திச் சங்கிலியைச் சுற்றினான். சங்கிலியில் பூட்டு இருந்தது, அமுக்கினால் பூட்டிக்கொள்ளும், பிறகு சாவி இல்லாமல் கேட் திறக்காது. யாரும் அமுக்கிப் பல காலம். அவன் அதைக் கையில் எடுத்தான். காற்று சங்கிலியை ஆட்டியது. பட்டியிலிருந்து ஒரு தாயாடு விட்டுவிட்டுக் கத்தியது. எஞ்சின் ஓடிக்கொண்டிருக்க, வெர்லா கண்ணாடியையே பார்த்தபடி இருந்தாள். அவன் குனிந்து, துருவைக் கட்டைவிரலால் தேய்த்துக்கொண்டு நின்றான்.