மேனேஜருக்கு மூச்சு வாங்குகிறது

1

இந்தக் கதை பிறந்ததற்குப் பெரிய காரணம் எதுவுமில்லை. அண்ணனிடம் ஒரே ஒரு வாக்கியம் சொல்ல வேண்டும், வாய் வரவில்லை. வாய் வராதவர்களுக்குத்தானே கதை.

('நான்' என்று எழுதினால் கண்டுபிடித்துவிடுவார். இனி அவள் 'தங்கை'.)

2

வெண்பனி மெல்ல மெல்ல—

(வேண்டாம். பனி என்றைக்கு வேகமாக வந்திருக்கிறது?)

அண்ணன் ஃப்ரிட்ஜ் மெக்கானிக். காற்று கசிகிற இடுக்கைக் கண்டால் அவருக்குச் சோறு இறங்காது. உறைபனிக் குளிர் தொடங்கியதும், வீட்டுக்குப் பின்னாலிருந்த கோழிக்கூண்டில் கூரையோரத் துவாரங்களையெல்லாம் டேப் போட்டு ஒட்டினார். நான்கு கோழிகளும் இனி சுகமாகத் தூங்குமாம்.

மறுநாள் காலை கூண்டுக்குள் நீர் சொட்டியது. "கூரை ஒழுகுது" என்று தார்ப்பாய் போர்த்தினார். இன்னும் சொட்டியது. இன்னொரு தார்ப்பாய்.

3

(கொஞ்சம் அறிவியல். பிடிக்காதவர்கள் தாண்டிப் போகலாம்; அண்ணன் மட்டும் தாண்டக் கூடாது. கூரை ஒழுகவில்லை. சொட்டியது கோழிகள் விட்ட மூச்சு. வெளியேற வழியில்லாமல் கூரையில் பட்டு, குளிர்ந்து, நீராகி, அவற்றின் தலையிலேயே விழுகிறது. இறகு இருப்பதால் கோழி குளிரைத் தாங்கும், நனைந்துகொண்டே தாங்காது. ஈரக்காற்று போகக் கோழிகளின் தலைக்கு மேலே, கூரையோரம் துவாரங்கள் வேண்டும். அதாவது, அண்ணன் ஒட்டிய அதே இடத்தில்.)

4

தங்கை குஞ்சிலிருந்து வளர்த்த கோழியின் பெயர் மேனேஜர். வேலை எதுவும் செய்யாமல் மற்றவர்களை மேற்பார்வை பார்ப்பதால் வந்த பெயர். இன்று ஈரக்குளிரில் அதன் கொண்டை நுனி கறுத்திருந்தது. மூச்சு கரகரத்தது. கூண்டுக் கதவைத் திறந்தால் எச்ச நெடி கண்ணை எரித்தது.

"அண்ணா, மேல கொஞ்சம்..."

"மேல இன்னொரு தார்ப்பாயா? நானும் அதைத்தான் நினைச்சேன்."

"விட்டா நீங்க கோழி மூக்கையும் சேர்த்து ஒட்டிடுவீங்க" என்றாள் அண்ணி.

"நீ சும்மா இரு. ஏய், நீ சொல்லு. நீ சயின்ஸ் படிச்சவதானே? நான் செஞ்சது சரியா, தப்பா?"

கேட்டேவிட்டார்! இதைவிட நல்ல சந்தர்ப்பத்தை எந்த எழுத்தாளராலும் அமைத்துத் தர முடியாது. தங்கை வாயைத் திறந்தாள்.

"நல்லா இருக்குண்ணா."

(இவளை வைத்துக்கொண்டு நான் எப்படிக் கதை நடத்துவது?)

5

முடிவு ஒன்று: தங்கை பாய்ந்துபோய் டேப்பையெல்லாம் பிய்த்து எறிகிறாள். (மேலே படித்துவிட்டு இதை நம்புவீர்களா?)

முடிவு இரண்டு: காலையில் மேனேஜர் தூங்கும் கட்டையிலிருந்து—

(எழுத மாட்டேன்.)

முடிவு மூன்று: இந்தத் தாளைக் கூண்டுக் கதவின் இடுக்கில் செருகிவிட்டு வருகிறேன். அடைபடாமல் மிச்சமிருப்பது அந்த இடுக்கு ஒன்றுதான். சாயங்காலம் அண்ணன் டேப்போடு அங்கே வருவார்.

தாள் ஒழுங்காக மடித்தபடி உங்கள் கைக்கு வந்திருந்தால், அவர் படித்திருக்கிறார். இடுக்கை அடைக்கத் திணிக்கப்பட்டுக் கசங்கி, ஈரமாக, ஓரத்தில் டேப் ஒட்டியபடி வந்திருந்தால், மேனேஜரின் கதையை நீங்களே முடித்துக்கொள்ளுங்கள்.