பாத்துக்கலாம்

எங்கள் அலுவலகத்தில் வேலைகளைக் கவனிக்கத் தனி மென்பொருள் கிடையாது. ஒரு வேலைக்கு ஒரு வெறும் டெக்ஸ்ட் ஃபைல். என்ன பிழை, எதைச் சோதிக்க வேண்டும் என்று அதில் எழுதிப் போட்டால், ஏ.ஐ. உதவியாளர் படித்துத் திருத்தம் செய்யும். அடியில் குழுத் தலைவர் சம்மதம் எழுதியதும் ஃபைலை ‘முடிந்தவை’ ஃபோல்டருக்கு நகர்த்தி, திருத்தத்தை வெளியே அனுப்பிவிடும். நல்ல முறைதான். நாறடித்தது மனிதர்கள்.

குழுத் தலைவருக்கு நாங்கள் வைத்த பெயர் ‘பாத்துக்கலாம்’. எந்த ஃபைலைத் திறந்தாலும் அடியில் அந்த ஒரு சொல்லை ஆங்கில எழுத்தில் தட்டிவிட்டு காபி மெஷினுக்குப் போய்விடுவார். இப்போது தொல்லை பண்ணாதே என்று அர்த்தம். எங்களுக்குத் தெரியும். உதவியாளருக்கு யார் சொல்வது? பெரியவர் சம்மதித்துப் பொறுப்பேற்றுவிட்டார் என்று அது எடுத்துக்கொண்டது.

நாங்கள் ரத்தப் பரிசோதனை நிலையங்களுக்கு மென்பொருள் செய்கிறோம். ஒரே பெயரும் பிறந்த தேதியும் உள்ள இருவரின் முடிவுகள் கலந்துபோவதைப் பார்த்து நான்தான் ஃபைல் எழுதினேன். உதவியாளர் செய்த திருத்தம், கலப்பைக் காட்டும் எச்சரிக்கையை மட்டும் மறைத்தது. கலப்பு அப்படியே இருந்தது. ‘இது சரியில்லை, வெளியிடலாமா?’ என்று அதே ஃபைலில் எழுதினேன். கீழே வந்தது: பாத்துக்கலாம். அன்று மாலையே திருத்தம் வெளியே போய்விட்டது.

அடுத்த வாரம் ஒரு நிலையத்திலிருந்து போன். சர்க்கரையே இல்லாத ஒரு பெண்ணுக்குச் சர்க்கரை என்று ரிப்போர்ட் போயிருக்கிறது. மாத்திரை விழுங்கி மயங்கி விழுந்திருக்கிறாள்.

தலைவர் என்னைக் கண்ணாடி அறைக்குக் கூப்பிட்டார்.

“உக்காரும்மா.”

“அவங்க எப்படி சார் இருக்காங்க?”

“யாரு? ஓ, அதெல்லாம் எழுந்துட்டாங்க. நீ இதைப் பாரு.”

உதட்டோரக் காபி நுரையை விரலால் வழித்து, அதே விரலால் லேப்டாப்பை என் பக்கம் தள்ளினார். அந்த நிலையத்துக்கு என் பெயரில் ஒரு மன்னிப்புக் கடிதம். உதவியாளரை விட்டு எழுதவைத்திருக்கிறார். ‘எனது அனுபவமின்மையால் நேர்ந்த கவனக்குறைவுக்கு மிகுந்த பணிவுடன்…’ பணிவாம்! ‘அனுப்பு’ என்பதை நான் அழுத்தினால் போதும்.

“நீ புதுசு, மன்னிச்சுடுவாங்க. என்னைன்னா உரிச்சுத் தொங்க விட்ருவாங்க. வெள்ளிக்கிழமை உன்னை நிரந்தரமாக்குற பேப்பர் என் மேசைக்குத்தாம்மா வருது. வீட்ல நீதானே முதல் பட்டதாரி? அம்மாவை நினைச்சுப் பாரு.”

படிக்கட்டுக்குப் போய் போனில் அம்மாவையே கேட்டேன். அவள் வேலை செய்யும் கம்பெனியின் தையல் மெஷின் இரைச்சலுக்கு நடுவே கத்தினாள்.

“ஒரு அழுத்து தானேடி? அழுத்திட்டுப் போ!”

“ஒரு பொண்ணு மயங்கி விழுந்திருக்காம்மா.”

“எழுந்துட்டா இல்ல? உன் வேலை போனா எழுந்திரிக்குமா? பெரிய நியாயவாதி!”

அவரும் இவளும் ஒரே வாயால் பேசியதுபோல் இருந்தது.

கண்ணாடி அறைக்குத் திரும்பி வந்து கடிதத்தை மறுபடி படித்தேன். மன்னிப்பு வழிந்தது. ரிப்போர்ட்டுகள் இன்னும் கலந்துகொண்டிருக்கின்றன என்று ஒரு வரி இல்லை. எங்கள் ஃபோல்டரில்தான் அது முடிந்த வேலை ஆயிற்றே! இந்த நிமிடமும் யாரோ யாருடைய ரத்தத்துக்கோ மாத்திரை வாங்கிக்கொண்டிருப்பார்கள்.

கடிதத்தை முழுசாக அழித்தேன். ‘கலப்பு சரியாகவில்லை. நாங்கள் சொல்லும்வரை ரிப்போர்ட் கொடுக்காதீர்கள்’ என்று எழுதி, என் பெயரும் நம்பரும் போட்டு, எல்லா நிலையங்களுக்கும் முதலாளிக்கும் அனுப்பினேன்.

“லூசா நீ?” தலைவர் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார். “வெள்ளிக்கிழமை கையெழுத்துப் போடுவேன்னு நினைச்சியா?”

“போடாதீங்க சார். மொதல்ல அந்தக் காபி வெரலைக் கழுவிட்டு வாங்க.”

என் போன் அடித்தது. ஏதோ ஒரு நிலையம். எடுத்தேன்.

“ஆமாங்க, நான்தான் எழுதினேன். இல்லங்க, ஒருத்தருக்கும் குடுக்காதீங்க. இன்னைக்குக் குடுத்தவங்க நம்பர் இருந்தா சொல்லுங்க, நானே பேசுறேன்.”