காளியாயி தள்ளி நின்ற கல்யாணம்

கல்யாணமாகி முப்பத்தேழாம் நாள் ரஞ்சனி திருவானைக்காவல் ஸ்டுடியோவுக்கு வந்தாள். ஆல்பம் என்னாச்சு என்று கேட்க வந்திருக்கிறாள் என்றுதான் கல்யாணப் படம் எடுத்த சுபஸ்ரீ நினைத்தாள்.

"அக்கா, எங்க அம்மா தவறிட்டாங்க. பதினேழு நாளாச்சு. கடலைக்காட்டுல களை எடுத்துக்கிட்டு இருந்தவங்க, நெஞ்சு வலிக்குதுன்னு வரப்புல உட்கார்ந்தாங்க. அவ்வளவுதான்."

சுபஸ்ரீ அவள் கையைப் பிடித்து நாற்காலியில் உட்கார வைத்தாள்.

"ஆதார் கார்டு போட்டோவைப் பெருசு பண்ணி மாட்டியிருக்கோம். அது எங்க அம்மா மாதிரியே இல்லக்கா. ஏதோ தப்பு பண்ணிட்டு நிக்கிற மாதிரி இருக்காங்க. கல்யாணத்துல எடுத்ததுல நல்லதா ஒண்ணு குடுங்க. முப்பதாம் நாளுக்குள்ள மாத்திடணும்."

"வியாழக்கிழமை வாம்மா. தேடி வைக்கிறேன்," என்றாள் சுபஸ்ரீ. சொல்லும்போதே, தேடினாலும் கிடைக்காது என்று அவளுக்குத் தெரியும்.

அது எப்படி என்று சொல்லிவிடுகிறேன். சுபஸ்ரீயும் அவள் புருஷன் பூவரசனும் பதினான்கு வருஷமாகக் கல்யாணப் படம் எடுக்கிறார்கள். அவளுக்குக் கேமரா, அவனுக்கு வீடியோ. முகூர்த்த நாளில் விடியுமுன் எழுந்து ஓடி, பந்தி முடிந்து மிச்சமிருப்பதைச் சாப்பிடுகிற பிழைப்பு. ஆனாலும் எத்தனையோ பெண்கள் முதல் பிள்ளை பிறந்ததும் அவளுக்குத்தான் முதலில் போன் செய்வார்கள். அந்தச் சந்தோஷத்துக்காகவே தோள்வலியைப் பொறுத்துக்கொண்டாள்.

ஆரம்ப காலத்தில் ஒரு வீட்டார் ஆல்பத்தைத் திருப்பிக் கொண்டுவந்து மேஜைமேல் போட்டார்கள். தாலி கட்டுகிற படத்தில், மாப்பிள்ளையின் தோளுக்குப் பின்னால், புருஷனை இழந்த அத்தையின் முகம் விழுந்திருந்தது. "இதைக்கூடப் பார்த்து எடுக்கத் தெரியாதா?" என்றார்கள். அன்றிலிருந்து சுபஸ்ரீ பார்த்து எடுத்தாள். மண்டபத்துக்குள் நுழைந்ததுமே வெறும் நெற்றி எங்கே இருக்கிறது என்று அவள் கண் தேடிவிடும். நல்ல வார்த்தை சொல்லித் தள்ளி நிற்கச் செய்துவிடுவாள். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை, பழகிப்போனது.

ரஞ்சனியின் கல்யாணம் ஸ்ரீரங்கத்தில் ஒரு மண்டபத்தில் நடந்தது. வையம்பட்டியிலிருந்து ஒரு பஸ் நிறைய ஜனம். அப்பா இல்லாத பெண் என்பதால் சித்தப்பாவும் சித்தியும் தாரை வார்த்தார்கள். "போட்டோக்காரம்மா, தாலிக்குப் பயப்படலைங்க மாப்பிள்ளை, உங்க லைட்டுக்குத்தான் பயப்படுறாரு," என்று சித்தப்பா சொல்ல, மணவறையே சிரித்தது.

அந்தச் சிரிப்புக்கு நடுவில்தான் காளியாயி, ரஞ்சனியின் அம்மா, படிக்குப் பக்கத்தில் வந்து நின்றாள். சாம்பல் நிறத்தில் புதுச்சேலை, மடிப்புக்கூடக் கலையவில்லை.

"என் புள்ளை பக்கத்துல ஒரு போட்டோ எடுத்துக்கலாமா தாயி?"

"அப்புறம் எடுத்துக்கலாம்மா. இப்பக் கொஞ்சம் தள்ளி நில்லுங்க, முகூர்த்தம் ஆயிடுச்சு."

"சரி தாயி."

அந்த அப்புறம் வரவேயில்லை. சாப்பாடு முடிந்ததும், வெயில் இறங்குவதற்குள் கொள்ளிடக்கரையில் படம் எடுக்க வேண்டும் என்று சுபஸ்ரீயே மணமக்களைக் காரில் ஏற்றினாள்.

இப்போது மூவாயிரத்து இருநூறு படங்களையும் ஒவ்வொன்றாகப் பார்த்தாள். ஓரிடத்தில் சாம்பல் நிறச் சேலைக்கரை தெரிந்தது. இன்னொன்றில் ஒரு முழங்கை. முகம் எதிலும் இல்லை. அவ்வளவு சுத்தமாக வேலை செய்திருந்தாள்.

மூன்றாம் நாள் பூவரசன் கூப்பிட்டான். "சுபா, இங்க வா. வீடியோவுல இருக்காங்க."

பதினொரு விநாடி. காளியாயி மேலே பார்த்து ஏதோ கேட்கிறாள். ஓரத்திலிருந்து கேமரா வார் சுற்றிய ஒரு கை நீண்டு, போங்க என்று அசைகிறது. காளியாயி சிரிக்கிறாள், தலையாட்டுகிறாள், சேலையை இழுத்துவிட்டுக்கொண்டு தூணுக்குப் பின்னால் போகிறாள்.

சுபஸ்ரீ தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஓரத்துல வர்ற கையை வெட்டிடறேன்," என்றான் பூவரசன். "சிரிக்கிற முகம் மட்டும் போதும். அந்தப் புள்ளைக்கு வேற எதுவும் தெரிய வேணாம். நமக்கும் நல்லது."

அவள் வேண்டாம் என்று சொல்லவில்லை.

வியாழக்கிழமை ரஞ்சனி வந்ததும் வெட்டிய துண்டை ஓட்டினார்கள். ரஞ்சனி திரையைத் தொடப்போய்க் கையை இழுத்துக்கொண்டாள்.

"எங்க அம்மாதான். இதுதான் எங்க அம்மா." முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "யாரைப் பார்த்துக்கா தலையாட்டுறாங்க?"

"உன்னைப் பார்த்துத்தாம்மா," என்றான் பூவரசன் சட்டென்று.

ரஞ்சனியின் முகம் மலர்ந்துவிட்டது. அதைப் பார்த்தபிறகு சுபஸ்ரீயால் சும்மா இருக்க முடியவில்லை.

"இல்லம்மா. என்னைப் பார்த்து. உன் பக்கத்துல நின்னு ஒரு போட்டோ கேட்டாங்க. நான்தான் அப்புறம்னு சொல்லித் தள்ளி நிக்கச் சொன்னேன். அப்புறம் மறந்துட்டேன்." பூவரசனிடம் திரும்பி, "முழுசையும் போடுங்க," என்றாள்.

அவன் போட்டான். கை வந்தது, அசைந்தது. ரஞ்சனி கண்ணெடுக்காமல் பார்த்தாள். வைவாள், எழுந்து போய்விடுவாள் என்று சுபஸ்ரீ காத்திருந்தாள்.

"நானும் பார்த்தேன்க்கா," என்றாள் ரஞ்சனி மெதுவாக. "மணவறையிலேருந்து பார்த்தேன். தூணுக்குப் பின்னால பாதி முகம் தெரிஞ்சுது. அம்மா வாங்கன்னு கூப்பிட வாயெடுத்தேன். சித்தி ஏதாச்சும் சொல்லுவாங்கன்னு தலையைக் குனிஞ்சுக்கிட்டேன். கல்யாணப் பொண்ணு கூப்பிட்டிருந்தா யாரு தடுத்திருப்பாங்க, சொல்லுங்க?"

பூவரசன் குனிந்து விசைப்பலகையைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

கொஞ்ச நேரம் கழித்து, "மாட்டுறதுக்கு எந்த இடத்துல நிறுத்தட்டும்மா?" என்று கேட்டான்.

"சிரிக்கிறாங்கல்ல, அந்த இடம்."

"அதுல என் கை வரும்," என்றாள் சுபஸ்ரீ.

"வெட்டினா அம்மாவோட தோள் போயிடுமே. இருக்கட்டும்க்கா."

படம் பிரிண்ட் ஆகி வந்தது. ரஞ்சனி அதை வாங்கி, ஈரம் காயட்டும் என்று இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வையம்பட்டி பஸ்ஸுக்கு நேரமாகிக்கொண்டிருந்தது.