வராதவர் தலையில்

எங்களுடையது பிசியோதெரபிஸ்டுகள் சங்கம். இயக்குநர்கள் ஏழு பேர்; சம்பளம் கிடையாது, நன்றியும் கிடையாது. நான் செயலாளர். பகலெல்லாம் பிறத்தியார் முதுகை நீவிவிட்டு, சாயங்காலம் தலைவருடைய கிளினிக்கில் சிகிச்சைக் கட்டில்களில் காலைத் தொங்கப்போட்டுக்கொண்டு கூட்டம் நடத்துவோம். அந்த நேரத்தில் புதிதாக ஒரு வேலையை எடுத்துக்கொள்ள எவருக்கும் தெம்பிருக்காது. அதனால் ஒரு வழக்கம் வைத்திருந்தோம். யாரும் கைதூக்காத வேலையை அன்று வராதவர் தலையில் கட்டிவிடுவது. விளையாட்டாக ஆரம்பித்தது, போகப்போகச் சட்டமாகிவிட்டது.

அப்படித்தான் ஆண்டு மாநாடு எழுவரில் ஒருவரான வாத்தியாருக்குப் போய்ச் சேர்ந்தது. கல்லூரியில் பாடம் எடுப்பவர் என்பதால் அவருக்கு அந்தப் பெயர். அடுத்த கூட்டத்துக்கும் அவர் வரவில்லை. பயிற்சி வகுப்புகளையும் கட்டினோம். அதற்கடுத்து உறுப்பினர் புகார்கள். எல்லாம் கிணற்றில் போட்ட கல். மாநாட்டுக்கு மண்டபம்கூடப் பேசவில்லை என்று தெரிந்த அன்று தலைவர் கொதித்துப்போனார். பதவியிலிருந்து அவரை நீக்கிவிடலாம் என்றார். எனக்கும் கோபம்தான், உறுப்பினர்களிடம் ஏச்சு வாங்குகிறவள் நான். ஆனாலும் ஒரு வார்த்தை கேட்காமல் ஒருவரை வெளியேற்றுவது முறையில்லை என்று, எல்லோர் காதிலும் விழும்படி ஸ்பீக்கரில் போட்டுக் கூப்பிட்டேன்.

எடுத்தார். ஒரு நிமிஷம் என்று சொல்லிப் போனை எங்கோ வைத்தார். பிறகு வேறு யாரிடமோ பேசுவது கேட்டது.

"குதிகாலை ஊனு. முட்டியைப் பின்னால தள்ளாதே. இப்ப இடது காலு... மெதுவா."

கட்டில்களில் ஆடிக்கொண்டிருந்த கால்கள் நின்றன. அது என்ன பயிற்சி என்று எங்களுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. பக்கவாதம் வந்தவருக்குத் திரும்ப நடை பழக்குகிறார்.

யாருக்கு சார் என்று கேட்டேன். மனைவிக்கு என்றார். மழைக்காலத்துக்கு முன்பே வந்துவிட்டதாம். கல்லூரி விட்டு வந்ததும் அவர்தான் நடத்திப் பார்க்கிறாராம்.

"எங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?"

அவர் குரலில் கோபமில்லை. அலுப்புதான் இருந்தது. "குரூப்ல போட்டேனே மேடம். வீட்டுல உடம்பு சரியில்ல, கொஞ்ச நாள் வர முடியாதுன்னு. எல்லாரும் கட்டைவிரலைக் காட்டுனீங்க."

தேடிப் பார்த்தேன். அந்தச் செய்திக்குக் கீழே கட்டைவிரல்கள் வரிசையாக நின்றன. என்னுடையதும் இருந்தது. சே, என்ன ஜென்மங்கள் நாங்கள்!

நீக்கும் பேச்சை அப்புறம் யாரும் எடுக்கவில்லை. கிளினிக்கைப் பூட்டிவிட்டு எல்லோரும் வாத்தியார் வீட்டுக்குப் போனோம். தலைவர் தரையில் மண்டியிட்டு அந்த அம்மாளின் கணுக்காலைப் பிடித்துக்கொண்டார். நான் இடுப்பைத் தாங்கினேன். எப்படிப் பிடிக்க வேண்டும் என்று எங்களுக்கே சொல்லிக்கொடுக்க வந்த வாத்தியார், நாற்காலியில் உட்கார்ந்தார். உட்கார்ந்தவர் அப்படியே தூங்கிப்போனார். செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

நடை முடிந்ததும் அங்கேயே, தணிந்த குரலில் கூட்டத்தைத் தொடர்ந்தோம். எந்தச் சாயங்காலம் யார் வந்து பயிற்சி கொடுப்பது என்பது சட்டென்று முடிந்துவிட்டது. புகார்களும் வகுப்புகளும் இழுத்துப் பறித்து ஆளுக்கொன்றாய்ப் போயின. மாநாடு என்றதும் யாரும் கைதூக்கவில்லை. எல்லோருக்கும் களைப்பு. பழக்கதோஷம், எங்கள் கண்கள் தூங்குகிறவர் பக்கம் போயின.

அந்த அம்மாள் அதைப் பார்த்துவிட்டார். பேச்சு இன்னும் முழுதாகத் திரும்பவில்லை. ஒவ்வொரு சொல்லாகத் தேடி எடுத்துச் சொன்னார்.

"அவரு... இன்னிக்கு... வந்திருக்காரு."

நான் கையைத் தூக்கினேன்.