ஐந்தாம் மாடியில் ஆடாமல் அசையாமல்

சீதாராமனால் ஓர் இடத்தில் உட்கார முடியாது. போன வருடம் தாய்லாந்துக் காட்டில், துணிக் கூடாரத்துக்குள் ஒளிந்துகொண்டு எல்லோரும் பிட்டாப் பறவையைப் படமெடுக்கக் காத்திருந்தபோது, இவர் மூக்கைச் சொறிந்த சொறியில் அந்தக் காட்டுப் பறவைகள் மொத்தமும் மலேசியாவுக்குக் குடிபோய்விட்டன.

அதனால் இந்த வருட போர்னியோ பயணத்துக்கு, துபாய்ப் பறவைக் குழுவை நடத்தும் ஜெயசீலன் ஒரு நிபந்தனை வைத்தார். சனிக்கிழமை காலை வீட்டுக்கு வருவார். சீதாராமன் ஒரு மணி நேரம் ஆடாமல் அசையாமல் இருந்து காட்டினால்தான் மிச்சமிருக்கும் ஒரே சீட்டு. இல்லாவிட்டால் அது குழுவிலிருக்கும் விஷாலுக்கு.

அன்று மனைவி வசந்தகுமாரி காய்கறி வாங்கக் கிளம்பியதும், துபாய் சத்வா பகுதியில் இருந்த தங்கள் ஃபிளாட்டின் பால்கனியில் கூடாரத்தை விரித்து, பீரங்கி மாதிரி லென்ஸை வெளியே நீட்டிக்கொண்டு பழக உட்கார்ந்தார். கால் மரத்தது. முதுகில் ஏதோ ஊர்ந்தது. எறும்பா ஒட்டகமா என்று திரும்பிப் பார்க்கத் துடித்தார். பார்க்கவில்லை. லென்ஸ் முனையில் ஒரு தவிட்டுப்புறா வந்து உட்கார்ந்து இறகு கோதிக்கொண்டிருந்தது. பிறந்ததிலிருந்து ஒரு காக்கைகூட அவர் பக்கத்தில் இத்தனை நேரம் நின்றதில்லை.

அழைப்பு மணி அடித்தது. ஜெயசீலன் சீக்கிரமே வந்துவிட்டார். எழுந்தால் புறா போகும்; எழாவிட்டால் போர்னியோ போகும். சட்டைப் பையில் போன் வேறு அதிர்ந்தது. புறா நிம்மதியாகக் கண்ணை மூடியது. சீதாராமன் பல்லைக் கடித்தார்.

"மனுஷன் வீட்டுல தங்கல பாரு," என்று வாசலில் ஜெயசீலன் குரல் கேட்டது. "கலாஸ், முடிஞ்சுது. விஷாலுக்கே குடுத்துடலாம்."

லிஃப்ட் இறங்கியது.

வசந்தகுமாரி திரும்பி வந்து பால்கனிக் கதவைத் திறந்தபோது, லென்ஸிலிருந்து புறா எழுந்து பறந்ததைத் தன் கண்ணாலேயே பார்த்தாள்.

"ஏங்க, கீழ ஜெயசீலன் கார்ல ஏறிட்டிருக்கார். கதவைத் திறக்கறதுக்கென்ன?"

"புறா தூங்கிட்டிருந்துச்சே."

அவள் உடனே ஜெயசீலனுக்குப் போன் போட்டாள். கல்யாணமான நாளிலிருந்து இவர் அசையாமல் உட்கார்ந்து இன்றைக்குத்தான் பார்த்ததாகவும், லென்ஸ்மேல் ஒரு புறாவே தூங்கியதாகவும் சத்தியம் செய்தாள். ஜெயசீலன் நம்பவில்லை; சாரிடம் போனைக் கொடுக்கச் சொன்னார். திரும்பினால் கூடாரம் காலி. லென்ஸையும் காணோம். ஐந்து மாடியையும் ஐந்தே தாவலில் இறங்கியிருந்தார் சீதாராமன்.

"வேண்டாம் மேடம்," என்றார் ஜெயசீலன் போனில். "லென்ஸைத் தூக்கிட்டு லுங்கியோட ஓடி வர்றார். முனையெல்லாம் புறா எச்சம். சீட்டு அவருக்குத்தான்."