தளர்ந்து கிடக்க வேண்டிய இழை

தொட்டியைக் கழுவினார்கள், நேற்று முழுக்கக் குழாயில் சொட்டுத் தண்ணீர் இல்லை என்று அக்கா போனில் புலம்பிக்கொண்டிருந்தாள். நான் அலுவலகத்தில் வேறு வேலையைப் பார்த்தபடி "ம்" கொட்டிக்கொண்டிருந்தேன். அவள் புலம்பலுக்கு அரைக் காது போதும் என்பது எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரியும்.

"அறுபதாயிரம் லிட்டரு. அப்படியே திறந்து விட்டுட்டாங்க. இன்னைக்குக் காலையிலதான் நிரப்பினாங்க. மாமியாரைத் துடைச்சு விடக்கூட ஒரு வாளி இல்லடி."

என் கை நின்றுவிட்டது. அக்கா குடியிருக்கும் கட்டடத்தின் உறுதியைக் கண்காணிப்பது என் பொறுப்பு. மொட்டை மாடித் தொட்டியைத் தாங்கும் உத்தரத்துக்குள், கான்கிரீட் கொட்டும்போதே முடி கனத்தில் ஒளியிழை பதித்திருக்கிறோம். பாரத்தில் உத்தரம் இம்மி நீண்டாலும் இழையும் கூடவே நீளும். உள்ளே ஓடும் வெளிச்சம் மாறுவதை வைத்து இங்கே உட்கார்ந்தபடி அளந்துவிடலாம். அதைச் சொல்லித்தான் அக்காவை அங்கே வீடு வாங்க வைத்தேன்.

பாரத்தைக் காட்டும் நேற்றைய கோட்டைத் திரையில் திறந்தேன். அறுபது டன் இறங்கியிருக்கிறது, கோடு அசையவில்லை. இன்று காலை அறுபது டன் ஏறியிருக்கிறது, அப்போதும் அசையவில்லை. மூன்று வருடமாக இந்தக் கோட்டைக் காட்டி, தங்கமான உத்தரம் என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் பீற்றிக்கொண்டிருந்தேன்.

உள்ளே இரண்டு இழைகள் உண்டு. ஒன்று கான்கிரீட்டோடு ஒட்டியது. மற்றது மெல்லிய குழாய்க்குள் எதிலும் ஒட்டாமல் தளர்ந்து கிடக்க வேண்டும். அதற்குச் சூடு மட்டும்தான் தெரியும். முதல் இழையின் அளவிலிருந்து அதைக் கழித்தால் மிஞ்சுவது பாரம். குழாயின் வாயைப் பசை வைத்து அடைக்காவிட்டால் சிமெண்ட் பால் உள்ளே புகுந்து இறுகிவிடும். பிறகு இரண்டும் ஒன்றாகவே நீளும், கழித்தால் எப்போதும் பூஜ்யம்தான்.

கான்கிரீட் கொட்டிய அன்று வானம் இருட்டிக்கொண்டு வந்தது. கலவை லாரி வந்து நின்றது. மேஸ்திரி அவசரப்படுத்தினார். பசை காய அரை மணி நேரம் ஆகும். நான் பசைக்குப் பதில் டேப்பைச் சுற்றிவிட்டு, 'அடைத்தாயிற்று' என்ற கட்டத்தில் டிக் போட்டேன்.

கழிக்காத அளவை வரவழைத்தேன். மாதா மாதம் ஏறியிருந்தது. இன்று தொட்டி நிரம்பி மூன்று மணி நேரமாகியும் நிற்காமல் ஏறிக்கொண்டிருந்தது. வெளியே மேகமூட்டம்; வெயில் மேல் பழி போடவும் வழியில்லை. பாரம் கூடாமலே நீள்கிறது என்றால் உத்தரம் விட்டுக்கொடுக்கிறது.

மேலாளர் எட்டிப் பார்த்தார். குடியிருப்பவர்களை வெளியேற்ற வேண்டும் என்றேன். "சென்சார் கோளாறா இருக்கும்மா. எல்லாரையும் கீழ இறக்கிட்டு, அப்புறம் ஒண்ணுமில்லன்னா யாரு பதில் சொல்றது?"

"நான் சொல்றேன் சார். நான் பசை வைக்கல. டிக் போட்டதும் நான்தான்."

அவர் தீயணைப்பு நிலையத்துக்குப் போன் போட்டார்.

என் போனில் அக்கா, "என்னடி சத்தத்தையே காணோம்?" என்றாள்.

"அக்கா, எல்லாரும் வெளிய வாங்க. இப்பவே. தொட்டி தாங்காது போலிருக்கு."

"விளையாடுறியா? உன் நூலு பார்த்துக்கும்னு நீதானே சொன்ன."

"தப்பா சொல்லிட்டேன்க்கா."

சிறு வயதிலிருந்து நான் அவளிடம் தப்பை ஒத்துக்கொண்டதே கிடையாது. அதனால்தானோ என்னவோ, அவள் போனை வைக்காமலே மாமாவைக் கூப்பிட்டாள். நாற்காலி இழுபட்டது. மாமியார் முனகினார். கதவு திறந்தது.

"இறங்கிட்டியா?"

"மாமா அவங்கம்மாவைத் தூக்கிட்டு இறங்கிட்டாரு. பக்கத்து வீடெல்லாம் சொல்லியாச்சு."

"நீ?"

"அஞ்சாவது மாடி டீச்சரம்மா தனியா இருப்பாங்கடி. காது மந்தம், போனை எடுக்க மாட்டாங்க. ஒரு எட்டு போய்க் கூட்டிட்டு வந்துடுறேன்."

அஞ்சாவது மாடிக்கு மேல் தொட்டிதான். வேண்டாம் என்று சொல்ல நினைத்தேன். ஆனால் அந்த டீச்சரம்மாவுக்கும் நான்தானே டிக் போட்டிருக்கிறேன். படியேறும் செருப்புச் சத்தமும் அக்காவின் மூச்சிரைப்பும் கேட்டன. திரையில் கோடு இன்னொரு புள்ளி ஏறியது.

அவள் கதவைத் தட்டத் தொடங்கினாள். மெதுவாகத் தட்டு என்று கெஞ்சினேன், ஏதோ அந்தத் தட்டலுக்கே உத்தரம் இறங்கிவிடும் என்பதுபோல. போன் அவள் காதில் இல்லை. அவள் இன்னும் ஓங்கித் தட்டினாள்.