முட்டை வண்டியின் விரிசல்

மைத்துனன் தரவேண்டிய பாக்கி ஆறாயிரத்து எண்ணூற்று ஐம்பது ரூபாய். அதைக் கொடுக்க முடியாமல்தான் இரண்டு வருஷமாக அவன், அக்கா புருஷனான வெல்டரின் கடை இருக்கும் தெருப்பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை. மொத்தக் கடையில் முட்டை ஏற்றிக்கொண்டு கிளம்பினால் இந்தத் தெருதான் நேர்வழி. அவனோ பள்ளிக்கூடத்தைச் சுற்றி, தண்ணீர்த் தொட்டியைச் சுற்றி, ரயில் கேட்டில் காத்துக்கிடந்து, அந்தப் பக்கத்துக் கடைகளுக்குச் சரக்குப் போட்டுக்கொண்டிருந்தான். அக்காவுக்குக் காய்ச்சல் என்றபோதுகூடப் போனில்தான் விசாரித்தான். அப்படிப்பட்டவன் அன்றைக்குக் காலையில் பழைய மோட்டார் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்து கடை வாசலில் நின்றான்.

வெல்டர் ஒரு ஜன்னல் கிரில்லுக்குப் பற்று வைத்துக்கொண்டிருந்தார். கறுப்புக் கண்ணாடிக்குள்ளிருந்து பார்த்தால் நெருப்பைத் தவிர எதுவும் தெரியாது. மறைப்பைத் தூக்கிய பிறகுதான் வந்திருப்பது மனைவியின் தம்பி என்று தெரிந்தது.

"என்னப்பா" என்றார். மாப்ள என்ற வார்த்தை தொண்டைவரை வந்துவிட்டுத் திரும்பிப் போய்விட்டது.

"வண்டி ஒடையுது மாமா. பின்னாடி பாம்பு மாதிரி நெளியுது. மெக்கானிக் பாத்துட்டு ஃபிரேம்ல விரிசல்னுட்டான். காயலான் கடைக்குப் போட்டுட்டு வேற வண்டி பாருங்கறான். வேற வண்டிக்கு நான் எங்க போவேன்? நாளைக்கு லோடு எடுக்கலன்னா லைனை இன்னொருத்தனுக்குக் குடுத்துருவாங்க."

பேசும்போது அவன் வெல்டரின் முகத்தைப் பார்க்கவில்லை. கிரில்லைப் பார்த்துப் பேசினான். சட்டைப்பையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டான்.

பாக்கி என்றால் கைமாற்றாகக் கொடுத்த பணம் இல்லை. அந்த வண்டியின் பின்பக்கத்தில் இரண்டு காது மாதிரி தொங்குகிறதே, முட்டைத் தட்டுகள் அடுக்குகிற கேரியர், அதற்கான கூலியும் இரும்பு விலையும்தான். அதைச் செய்தபோது வெல்டர் அளவுக்கு மீறித்தான் செய்தார். மச்சான் பிழைப்பு என்று கனமான ஆங்கிள் இரும்பாகப் பார்த்து வாங்கினார். போல்ட்டுப் போட்டு மாட்டிக் கொடுங்கள், வேண்டாதபோது கழற்றிக்கொள்ளலாம் என்று அவன் கேட்டதற்கு, "போல்ட்டு என்னைக்காவது லூசாகும். பக்கத்து இரும்பு ஒடையுமே தவிர என் பத்து ஒடையாது" என்று சொல்லி, ஃபிரேம் குழாயோடு சேர்த்தே பற்றவைத்துவிட்டார். முதல் மாதம் தருகிறேன் என்றான், தரவில்லை. அப்புறம் ஒரு நாள் மளிகைக்கடை வாசலில் நாலு பேர் முன்னால் இவர் கேட்கப்போக, அவன் முகம் சுண்டிப்போனது. அதோடு சரி. வெல்டரின் மனைவிதான் இரண்டு பக்கமும் பேச முடியாமல் தவித்துப்போனாள்.

"உள்ள கொண்டா" என்றார் வெல்டர்.

சீட்டைக் கழற்றினார்கள். பெட்ரோல் டேங்க்கைக் கழற்றி எதிர்ச்சுவரின் ஓரம் கொண்டுபோய் வைத்தார்கள். பேட்டரி வயரையும் எடுத்துவிட்டார். தோலுரித்த மாதிரி ஃபிரேம் மட்டும் நின்றது. பின்பக்க ஷாக் அப்சர்பர் மேலே மாட்டியிருக்கும் இடத்தருகில் சாயம் உப்பி, துருத் தண்ணீர் வழிந்த கறை இருந்தது. வெல்டர் அந்த இடத்தைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து இரும்பை வெளுக்கவைத்தார். மண்ணெண்ணெயைத் துணியில் நனைத்துப் பூசி, கொஞ்சம் ஊறவிட்டு, காய்ந்த துணியால் சுத்தமாகத் துடைத்தார். பிறகு ஒரு சாக்பீஸை எடுத்து அந்த இடமெல்லாம் வெள்ளையாகத் தடவினார். விரிசலுக்குள் இறங்கிய எண்ணெய் மெல்ல வெளியே கசிந்து, வெள்ளையில் தலைமுடி மாதிரி ஒரு கறுப்புக் கோடு எழுந்தது. குழாயைச் சுற்றி முக்கால் வட்டம். இன்னும் ஒரு பள்ளம், ஒரு வேகத்தடை, அவ்வளவுதான் பாக்கி இருந்தது.

"லோடு ஓவராதான் வச்சேன் மாமா" என்றான் பின்னாலிருந்து. கவிழ்த்த பெயின்ட் டின்னில் உட்கார்ந்திருந்தான். "பேராசை. என் தப்புதான்."

வெல்டர் இன்னும் கிட்டே குனிந்தார். கோடு எங்கே பிறக்கிறது என்று பார்த்துக்கொண்டிருந்தார். அது கேரியர் பற்று முடிகிற ஓரத்தில், நூல் பிசகாமல், அந்த ஓரத்தை ஒட்டியே பிறந்து ஓடியிருந்தது. மறுபக்கம் போய்ப் பார்த்தார். அங்கேயும் அதே இடத்தில், நகம் அளவுக்கு ஒரு கோடு தலைகாட்டியிருந்தது. லோடு மட்டும் காரணமாக இருந்தால் இரண்டு பக்கமும் சொல்லிவைத்த மாதிரி ஒரே இடத்தில் விரிசல் விடாது. ஓடுகிற வண்டியின் குழாய் உள்ளுக்குள் கொஞ்சம் வளைந்து நிமிர்ந்துகொண்டேதான் இருக்கும், மூச்சு விடுவதைப்போல. அதை ஒரு முழத்துக்குக் கனத்த ஆங்கிளால் இறுக்கிக் கட்டிப்போட்டால், வளைவு முழுவதும் கட்டு முடிகிற இடத்தில் வந்து விழும். கம்பியை ஒரே இடத்தில் மடக்கி நிமிர்த்தி மடக்கி நிமிர்த்தி அறுக்கிறோமே, அந்தக் கதைதான். பற்று மட்டும் இன்றைக்கும் அப்படியே இருந்தது, அடுக்கிவைத்த காசு மாதிரி வரிவரியாக. அவர் பேர் எழுதப் பழகுவதற்கு முன்பே அவர் கைக்கு வந்துவிட்ட கையெழுத்து அது. ஊரில் எந்த கேட்டில் பார்த்தாலும் தன்னுடையது என்று சொல்லிவிடுவார். பக்கத்து இரும்பு உடையும், என் பற்று உடையாது. வாய் முகூர்த்தம் பலித்துவிட்டது.

இதை யாரிடமும் சொல்லத் தேவையில்லை. மெக்கானிக்குக்குத் தெரியவில்லை. உட்கார்ந்திருப்பவன் பழியைத் தன் தலையில் தானே போட்டுக்கொண்டிருக்கிறான். ஒட்டிக்கொடுத்து, இதற்கும் சேர்த்துக் கூலி கேட்டாலும் அவன் தலையாட்டுவான். அவர் சாக்பீஸைக் கையில் உருட்டிக்கொண்டே நின்றார்.

மனைவி டீ கொண்டுவந்தாள். தம்பியைக் கண்டதும் கண் நிறைந்தது. ஆனால் வாய் விடவில்லை.

"யாரு இது? வழி தெரியாம வந்துட்டாரா? ரயில் கேட்டு அந்தப் பக்கம்ல இருக்கு?"

"அக்கா..."

"டீயக் குடி மொதல்ல. மூஞ்சியப் பாரு, அவிச்ச முட்டை மாதிரி." பிறகு புருஷனைப் பார்த்தாள். "நீங்க ஏன் பேயறைஞ்ச மாதிரி நிக்கிறீங்க?"

அவன் அந்த நேரம் பார்த்துச் சட்டைப்பையிலிருந்து மடித்த நோட்டுகளை எடுத்து நீட்டினான். "ரெண்டாயிரம் இருக்கு மாமா. பழைய பாக்கில கழிச்சுக்கங்க. இன்னைக்கு வேலைக்கு அப்புறமா..."

வெல்டர் நோட்டைத் தொடவில்லை.

"எந்திரிச்சு வா. இதப் பாரு." அவன் விரலைப் பிடித்துக் கறுப்புக் கோட்டின் தலையில் வைத்தார். "எங்க ஆரம்பிக்குது?"

"வெல்டிங் ஓரத்துல."

"அந்தப் பக்கம்?"

குனிந்து பார்த்தான். "அதே ஓரத்துலதான்."

"ஒன் முட்டை ஒடைக்கல இத. நாந்தான் ஒடைச்சேன். நீ போல்ட்டுப் போடுங்கன்ன. நாந்தான் கேக்கல, மாப்ள."

 கடைக்கு வெளியே யாரோ சைக்கிள் மணி அடித்துக்கொண்டு போனார்கள். மைத்துனன் கோட்டையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தான். கோபப்படுவான் என்றுதான் வெல்டர் நினைத்தார். பட்டால் வாங்கிக்கொள்வது என்றும் முடிவு பண்ணியிருந்தார்.

"அப்ப ரெண்டு வருஷமா ரயில் கேட்டைச் சுத்திப் போனேனே, அந்தப் பெட்ரோலு?" என்றான். "கணக்குப் பாத்தா நீங்கதான் மாமா எனக்குப் பாக்கி."

அவள்தான் முதலில் சிரித்தாள். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டும் அடங்கவில்லை.

அப்புறம் நாள் முழுக்க வேலைதான். கிரைண்டரை வைத்துக் கேரியரை அறுத்து எடுத்தார். தன் பற்றைத் தானே தேய்த்து அழித்தார். அழகான வரிகள் பொறியாகப் பறந்தன. விரிசலின் இரண்டு நுனியிலும் சின்ன ஓட்டை போட்டார். ஓட்டையைக் கண்டால் விரிசல் அதற்கு மேல் ஓடாது. விரிசல் நெடுகிலும் பள்ளம் பறித்து, இங்கே கொஞ்சம் அங்கே கொஞ்சமாகப் பற்றுவைத்தார். அவசரம் தாங்காமல் மைத்துனன் ஒரு செம்பில் தண்ணீரோடு வந்து நின்றான்.

"டேய், டேய்! ஊத்தித் தொலைச்சிராத. சூட்டுல தண்ணி பட்டா கண்ணாடி மாதிரி ஆயிரும். அதுவா ஆறட்டும்."

"சரி மாமா, நானே குடிச்சிக்கிறேன்" என்று செம்பைத் தூக்கி அண்ணாந்து குடித்தான்.

ஆறின பிறகு, இலை மாதிரி இரண்டு முனையும் கூம்பிய தகடு வெட்டி மேலே வைத்து, கனம் ஒரே இடத்தில் இறங்காதபடி பக்கவாட்டில் மட்டும் பற்றினார். மறுபக்கத்து நகக்கோட்டுக்கும் அதே வைத்தியம். முன்சக்கரத்திலிருந்து பின்சக்கரத்துக்கு நூல் பிடித்து, கோணல் இல்லை என்று ஒரு கண்ணை மூடிப் பார்த்தார். கடைசியாகக் கேரியர். பழைய டயரை வெட்டி, குழாய்க்கும் கேரியரின் இரும்புப் பட்டைக்கும் நடுவில் ரப்பர் துண்டு கொடுத்து, போல்ட்டுப் போட்டு முறுக்கினார். ஆயுளில் அவர் மனசாரப் போட்ட முதல் போல்ட்டாக இருக்கும்.

வேலை முடிந்ததும் மைத்துனன் மறுபடியும் அந்த ரெண்டாயிரத்தை எடுத்தான். வெல்டர் துடைப்பத்தால் தரையைக் கூட்டிக்கொண்டிருந்தார். அறுத்துத் தேய்த்த இரும்புத்தூள் ஒரு கைப்பிடி குவிந்திருந்தது.

"ஒன் பாக்கி இந்தா கெடக்கு. அள்ளிட்டுப் போறதுன்னா போ" என்றார்.

"பணத்த உள்ள வைடா" என்றாள் அக்கா. "ஞாயித்துக்கெழமை ஒரு தட்டு முட்டை கொண்டுவந்து குடு. ஓசிதான். வெல கிலன்னு வாயத் தொறந்தா பாத்துக்க."

மறுநாள் விடியும் நேரத்தில் வெல்டர் வாசலில் பல் துலக்கிக்கொண்டு நின்றார். தெருமுனையில் அந்த வண்டியின் சத்தம் கேட்டது. நேராக இந்தத் தெருவுக்குள்தான் திரும்பியது. இரண்டு பக்கமும் முட்டைத் தட்டுகள் அடுக்கி, மேலே கயிறு கட்டியிருந்தான். கடைக்கு முன்னால் இருக்கும் வேகத்தடையில் மெதுவாக ஏறி இறங்கினான். கேரியர் ரப்பரின் மேல் ஒருமுறை தலையசைத்துவிட்டு அடங்கியது. வெல்டர் வாயில் நுரையோடு காதைத் தீட்டிக்கொண்டு கேட்டார். கிறீச்சென்ற சத்தம் எதுவும் இல்லை.

"நிறுத்து மாப்ள, நிறுத்து" என்று ஓடினார். கடைக்குள்ளிருந்து மண்ணெண்ணெய்த் துணியை எடுத்துவந்து பூசித் துடைத்துவிட்டு, டிராயர் பையிலிருந்து சாக்பீஸை எடுத்துக் குனிந்து, தகட்டின் ஓரம் முழுக்கத் தடவினார். அவன் இன்ஜினை அணைக்காமல் காலூன்றி நின்றான். இரண்டு பேரும் மூச்சுப் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தட்டுகளில் முட்டைகள் லேசாக அதிர்ந்துகொண்டிருந்தன. வெள்ளை வெள்ளையாகவே இருந்தது.